பால் பாக்கெட்டில் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்கள்

சென்னையில் யாரும் கடையில் போய் "சமன்படுத்திய பால் குடுங்க"ன்னு கேட்பதில்லை. "ரெண்டு நீலம், ஒரு ஆரஞ்சு" என்றால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆவின் நமக்குப் பழக்கிவிட்ட மொழி இது. வசதிதான். ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாறாமல் இருப்பது பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்கள்: கொழுப்பு எவ்வளவு சதவீதம், எஸ்.என்.எஃப். எவ்வளவு சதவீதம்.

எஸ்.என்.எஃப். என்றால் கொழுப்பு அல்லாத திடப்பொருள். பாலில் இருக்கும் தண்ணீரையும் கொழுப்பையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது: புரதம், பால் சர்க்கரையான லாக்டோஸ், கால்சியம் மாதிரியான தாதுக்கள். 8.5% எஸ்.என்.எஃப். உள்ள பாலில் தோராயமாக 3.2% புரதம் இருக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்கிறோம் என்றால் முக்கியமாக இதற்காகத்தான் கொடுக்கிறோம்.

சட்டப்படி சமன்படுத்திய பால் (நம்ம நீலம்) 3% கொழுப்பு, 8.5% எஸ்.என்.எஃப். நிலைப்படுத்திய பால் (பச்சை) 4.5%, 8.5%. நிறை கொழுப்புப் பால் (ஆரஞ்சு) 6%, 9%. இந்த ஜோடிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே கொழுப்பு இரண்டு மடங்காகிறது. எஸ்.என்.எஃப். அரை சதவீதம்தான் கூடுகிறது. அதாவது ஆரஞ்சுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு கிட்டத்தட்ட முழுக்க கொழுப்புக்குத்தான். அரை லிட்டர் பால் சுமார் 515 கிராம் எடை. நீலத்தில் 15 கிராம் கொழுப்பு, ஆரஞ்சில் 31 கிராம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பல வீடுகளில் ஒரு கணக்கு ஓடுது: "ஆரஞ்சு கெட்டிப் பால். அரை லிட்டர் வாங்கி அரை லிட்டர் தண்ணி சேர்த்தா நீலப் பால் ஒரு லிட்டர் ஆயிடும், காசு மிச்சம்." கொழுப்பை மட்டும் பார்த்தால் கணக்கு சரி. 6% பாதியாகி 3% வந்துவிடும். ஆனால் எஸ்.என்.எஃப்.பும் கூடவே பாதியாகி 4.5% பக்கம் போய்விடும். 200 மில்லி டம்ளரில் நீலப் பால் என்றால் ஆறரை கிராம் புரதம் இருக்கும். இந்தக் கலவையில் மூன்றரை கிராம்தான். நிறமும் வழவழப்பும் கொழுப்பால் வருவதால் நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தக் காலத்தில் பால்காரர் மேல் போட்ட பழியை இப்போ நாமே நம்ம அடுப்படியில் செய்துகொண்டிருக்கிறோம்! காபிக்கு என்றால் தாராளமாகக் கலந்துகொள்ளுங்க. வளரும் பிள்ளைக்கு வேண்டாம். நீலத்தை அப்படியே கொடுங்க, செலவும் குறைவு.

"அப்போ நீலமே தண்ணி கலந்த பால்தானே?" என்று சிலர் கேட்கலாம். பாதி உண்மை. இந்த யோசனை 1940களில் பம்பாயில் பிறந்தது. தாரா நுஸர்வான்ஜி குரோடி என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். 1963-இல் வர்கீஸ் குரியனோடு மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டவர். எருமைப் பாலில் கொழுப்பு 7% வரை இருக்கும். அதில் தண்ணீரோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் சேர்த்தால் கொழுப்பு குறையும், புரதம் குறையாது, அளவு கூடும், விலை இறங்கும். அந்தப் பவுடர்தான் விஷயமே. நம்ம வீட்டுக் கணக்கில் விடுபட்டுப்போவதும் அதுதான்.

எண்களைப் பார்க்கும் பழக்கம் வேறு நேரத்திலும் உதவும். 2023-இல் ஆவின் ஊதா நிறத்தில் டிலைட் பாலைக் கொண்டுவந்தபோது பெரிய விவாதம் நடந்தது நினைவிருக்கலாம். அதில் கொழுப்பு 3.5%. பச்சையோடு ஒப்பிட்டால் 1% குறைவு. லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன் நெய். எஸ்.என்.எஃப். அதே 8.5%தான். ஆக, குறைந்தது நெய், புரதம் இல்லை. அந்த நெய்க்கு என்ன விலை என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தயிருக்கு? கெட்டியாக உறைவதற்குப் புரதம்தான் காரணம், கொழுப்பு மழமழப்பைத் தரும். அதனால் நீலத்திலேயே நல்ல தயிர் வரும். ஆடை மெல்லிசாக இருக்கு, கலப்படம் என்று பயப்படவும் வேண்டாம். பாக்கெட்டில் 'ஹோமோஜெனைஸ்டு' என்று இருந்தால் கொழுப்பு உருண்டைகளைப் பொடிப்பொடியாக உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவை எளிதில் மேலே மிதந்து வராது.

காய்ச்சணுமா என்பது அடுத்த கேள்வி. ஆலையில் 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கி, உடனே 4 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். நோய்க் கிருமிகள் இதில் செத்துப்போகும், ஆனால் எல்லா பாக்டீரியாவும் சாகாது. குளிர் விடாமல் வீடு வந்தால் அப்படியே குடிக்கலாம். நம்ம ஊரில் விடியற்காலை இறக்கிய டிரே எட்டு மணி வரை கடை வாசலில் கிடக்கும். அதனால் நான் காய்ச்சுகிற கட்சி. ஒரு தடவை பொங்கவிட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். வேளைக்கு வேளை முழுப் பாலையும் கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

காலி கவரைப் பற்றியும் ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடையில் பால் கவருக்கு விலக்கு உண்டு. அது எல்.டி.பி.இ. என்கிற வகை, மறுசுழற்சிக்குப் போகும். பழைய பேப்பர் கடைக்காரரும் எடுத்துக்கொள்வார். ஆனால் கத்தரித்து எறியும் அந்தக் குட்டி முக்கோண மூலையை யாரும் பொறுக்க மாட்டார்கள், அது நேராகச் சாக்கடைக்குப் போகும். மூலையை முழுசாக வெட்டாமல், ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கீறி ஊற்றுங்க. கவரைக் கழுவிக் காயவைத்து எடை போடும்போது மூலையும் கூடவே போய்விடும்.