தோழியர் போகும் வழியும் நம் அளவும்

"ஊரோடு ஒத்து வாழ்" என்பது பெரியோர் வாக்கு. கூடிக் களையெடுத்து, கூடிக் கண்மாய்க் கரையைக் காத்து, மழை பொய்த்த ஆண்டிலும் இருப்பதைப் பகிர்ந்துண்டு வாழும் நம் பாலவனத்தம் போன்ற வானம் பார்த்த பூமிக்கு இவ்வாக்கு மிகவும் பொருந்தும். ஆனால் கூட்டமே தவறான பக்கம் திரும்பும்போது ஒரு சிறுமி என்ன செய்வாள்? அவளுக்கு நாம் என்ன கற்றுக் கொடுத்திருக்கிறோம்? மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தோழியரின் வற்புறுத்தல் பெரும்பாலும் மிரட்டலாக வருவதில்லை, சிரிப்பாகவே வருகிறது. "நாங்க எல்லாரும் வாங்கிட்டோம், நீ மட்டுந்தான்டி பாக்கி" என்ற ஒரு சொல் போதும். அந்த "நீ மட்டும்" என்பதில்தான் அதன் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வலிமையை அளந்து பார்த்தவர் சாலமன் ஆஷ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். 1951ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கல்லூரி மாணவர் குழுவிடம் கேட்டார். சிறு பிள்ளையும் விடை கூறக்கூடிய கேள்விதான். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர அனைவரும் அவர் முன்னமே ஏற்பாடு செய்தவர்கள். 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விவரம் அறியாத மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் அந்தத் தவற்றையே தாமும் சொன்னார்கள். கண் கண்டதை வாய் மறுத்தது!

ஆய்வின் மறுபகுதி இன்னும் முக்கியமானது. குழுவில் ஒரே ஒருவர் உண்மையான விடையைச் சொன்னபோது, தவறான விடைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. கூட்டத்தை எதிர்த்து நிற்கப் பட்டாளம் வேண்டியதில்லை. ஒரு துணை போதும்.

அந்தத் துணை வீட்டில் இருப்பது நல்லது. காந்தியடிகளின் இளமையை நினைத்துப் பாருங்கள். புலால் உண்டால் வலிமை வரும் என்று நண்பர் ஒருவர் விடாமல் வற்புறுத்த, அவரும் மறைவாக உண்டார். நண்பரின் வாதத்தை அவரால் வெல்ல முடியவில்லை. ஆயினும் தாயிடம் பொய் சொல்லிச் சாப்பாட்டை மறுக்க வேண்டி வந்தபோது மனம் பொறுக்கவில்லை, அப்பழக்கத்தை விட்டார். வாதத்தால் ஆகாததைத் தாயின் மேல் வைத்த அன்பு செய்து முடித்தது. பிள்ளை அஞ்சாமல் பேசக்கூடிய வீடே அவளுக்கு முதல் அரண்.

இரண்டாவது அரண், தன் அளவைத் தான் அறிவது. இதை விளையாட்டுத் திடலிலேயே கற்கலாம். ஹாக்கிக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டி நமக்குத் தொலைவில் இல்லை. ஹாக்கி மட்டை வாங்கும்போது, சிறந்த ஆட்டக்காரி எதை வைத்திருக்கிறாளோ அதையே கேட்பது பலர் வழக்கம். பெரியவர்கள் பிடிக்கும் மட்டை சுமார் 36½ அல்லது 37 அங்குலம் இருக்கும். அதை வளரும் சிறுமி பிடித்தால் மட்டையின் மேல்முனை வயிற்றில் இடிக்கும், மணிக்கட்டு திரும்பாது. நிமிர்ந்து நின்று, மட்டையைக் காலருகே தரையில் ஊன்றினால் அதன் மேல்முனை இடுப்பெலும்பு வரை வர வேண்டும். அதுவே அவளுக்கு ஏற்ற மட்டை. கோல்ஃப் ஆட்டத்திலும் இப்படித்தான். தந்தையின் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தால் நீளம் குறையுமே தவிர, தண்டின் விறைப்பு கூடும். தலைப்பகுதியின் கனமோ அப்படியே இருக்கும். பிள்ளையின் வீச்சு கெட்டுவிடும். பிறர் கைக்குப் பொருந்தியது நம் கைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

மட்டை தவறினால் ஒரு பந்து போகும். வாழ்க்கையில் தவறினால்? அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகளும் தறிகளும் உண்டு. அவ்வேலை இழிவன்று, அதில் உழைத்தே பல தாய்மார் தம் மக்களைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் நன்றாகப் படிக்கும் ஒருத்தி, "கூட இருந்தவங்க எல்லாரும் மில் வேன்ல போறாங்க" என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால், அது அவள் எடுத்த முடிவு ஆகாது. கூட்டம் எடுத்த முடிவு ஆகும். குடும்பத்தின் வறுமை வேறு, தோழியரின் கைவீச்சு வேறு. வறுமைக்கு வழி தேட ஆசிரியரும் அருட்சகோதரியரும் உதவக் கூடும். கைவீச்சுக்கு அவளேதான் விடை சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே! தோழியைப் போல ரிப்பன் கட்டுவதையும் வளையல் போடுவதையும் தடுக்காதீர்கள். அவை தீங்கற்ற ஆசைகள். சிறியவற்றில் விட்டுக் கொடுத்தால்தான் பெரியவற்றில் உங்கள் சொல் நிற்கும். தன் துணியையும் தன் காலணியையும் அவளே அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். "எங்க அம்மா விட மாட்டாங்க" என்று உங்கள் மேல் பழி போட்டு அவள் தப்பித்துக் கொள்ளட்டும். அந்தப் பழியை மகிழ்ச்சியோடு சுமந்து கொள்ளுங்கள். "எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்ற வாக்கியத்தைச் சண்டையின்றிச் சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள். அவள் தவறியே வந்தாலும் முதலில் கேளுங்கள், பிறகு கண்டியுங்கள்.

மாணவியரே! வகுப்பில் ஒருத்தி தனித்து நிற்கக் கண்டால், அவள் சொல்வது சரியென்று உங்களுக்குத் தோன்றினால், வாய் திறந்து "ஆமாம்" என்று சொல்லுங்கள். வள்ளுவர் "நட்பு" என்னும் அதிகாரத்தை அடுத்து "நட்பாராய்தல்" என்பதை வைத்தார். நண்பரை ஆராய்வது மட்டுமன்று, நாம் எத்தகைய நண்பர் என்று ஆராய்வதும் நம் கடமை. கூட்டத்தில் உண்மை சொல்லும் அந்த ஒருத்தியாக நாம் இருப்போம். அவளுக்குத் துணை நிற்கும் இரண்டாமவளாகவும் இருப்போம்.