விண்ணில் ஒரு வைத்தியர்

தில்லி மாநகரின் துவாரகா பகுதியில் வசிப்போருக்கு விமானங்களின் ஓசை புதிதன்று. விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், மாடியில் நின்றால் அவை தாழப் பறந்து செல்வதைக் காணலாம். அவற்றைக் காணும் சிறுவர், விமானம் ஓட்டுபவரே ஒரு நாள் விண்வெளிக்கும் செல்வார் என்று எண்ணுவது இயல்பே. 1961-இல் விண்ணை எட்டிய யூரி ககாரினும், 1984-இல் சென்ற நம் ராகேஷ் சர்மாவும் விமானிகள் அல்லரோ? ஆனால் சர்மா சல்யூட்-7 என்னும் சோவியத் விண்வெளி நிலையத்தினுள் நுழைந்தபோது, அங்கே அவரை வரவேற்ற மூவருள் ஒருவர் இதய நோய் வைத்தியர். அவர் பெயர் ஓலெக் அட்கோவ். நோயாளியின் நாடி பார்க்க வேண்டியவருக்கு விண்ணில் என்ன வேலை?

மண்ணில் நாம் நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இழுக்கப்படுகிறது. அதனை எதிர்த்துத் தலைவரை செலுத்துவது இதயத்தின் ஓயாத உழைப்பு. எடையற்ற நிலையில் அவ்வுழைப்பு குறைந்துவிடுகிறது. இரத்தமும் நீரும் மேற்பகுதிக்கு ஏறுகின்றன, முகம் வீங்குகிறது, கால்கள் மெலிகின்றன. நாளடைவில் தசைகள் தளர்கின்றன. எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழக்கின்றன. இதன் முழு விளைவும் பூமிக்குத் திரும்பி எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். இரத்தம் கால்களில் தேங்க, தலை சுற்றி மயக்கம் வருகிறது. மனிதன் எத்தனை காலம் விண்ணில் தங்கலாம் என்னும் கேள்விக்கு, இயந்திர நிபுணரைவிட வைத்தியரே விடை கூற வேண்டியிருந்தது.

இவ்வழியில் முதலடி வைத்தவர் போரிஸ் யெகோரோவ். 1964 அக்டோபர் 12 அன்று வோஸ்கோத் கலத்தில் இருவருடன் சென்ற அவரே விண்வெளி கண்ட முதல் வைத்தியர். எனினும் அப்பிரயாணம் ஒரு நாளளவே நீடித்தது.

அட்கோவ் 1949-இல் ரஷ்யாவின் வால்கா நதிப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1973-இல் மாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்று, ஒலியலைகளைக் கொண்டு இதயத்தை ஆராய்வதில் தேர்ச்சியடைந்தார். 1984 பிப்ரவரி 8 அன்று லியோனிட் கிஸிம், விளாடிமிர் சொலவியோவ் ஆகியோருடன் விண்ணேகினார். அவ்விருவரும் நிலையத்திற்கு வெளியே சென்று பழுது பார்த்தபோது, இவர் உள்ளே இருந்தார். தோழர்களின் இதயத்தையும் இரத்தத்தையும் சோதித்ததோடு, தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். வைத்தியரும் அவரே, நோயாளியும் அவரே!

ஏப்ரல் மாதத்தில் சர்மா வந்து சேர்ந்தார். எடையற்ற நிலையில் தசைகளின் தளர்ச்சியை யோகாசனம் தடுக்குமா என்னும் சோதனை அப்போது நடைபெற்றது. சுமார் எட்டு நாட்களில் அவர் திரும்பிவிட்டார். அவர் ஏறிச் சென்ற சோயுஸ் கலம் நிலையத்திலேயே நின்றது. அக்டோபர் 2 அன்று அட்கோவும் தோழர்களும் அதிலேதான் தரையிறங்கினர். ஆக 237 நாட்கள். அதுவரை எவரும் ஒரே பிரயாணத்தில் அத்தனை காலம் விண்ணில் இருந்ததில்லை.

வைத்தியரின் அருமையை அடுத்த ஆண்டே உணர்த்தியது. 1985-இல் அதே நிலையத்தில் வைத்தியரில்லாத குழுவின் தலைவர் வாஸ்யூடின் நோயுற்றார். குழு முன்னதாகவே திரும்ப நேர்ந்தது. பின்னர் வலேரி பொல்யாகோவ் என்னும் மற்றொரு வைத்தியர், 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை மீர் நிலையத்தில் 437 நாட்கள் தங்கினார். நாள்தோறும் உடற்பயிற்சி செய்த அவர், தரையிறங்கியதும் கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிக்குத் தம் கால்களாலேயே நடந்து சென்றார். அச்சில அடிகள், முறையான பயிற்சியால் உடலைக் காக்க இயலும் என்பதற்குச் சாட்சியாயின.

2024-இல் நம் ககன்யான் திட்டத்திற்கென அறிவிக்கப்பெற்ற நால்வரும் விமானப் படையினரே. முதற் பிரயாணங்களுக்கு அது பொருத்தமே. ஆனால் 2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்க எண்ணியுள்ளோம். அங்கே மாதக்கணக்கில் தங்க வேண்டுமாயின், கலத்தைக் காப்பவரோடு உடலைக் காப்பவரும் உடன் செல்ல வேண்டும். இன்று மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் விண்ணில் ஓர் இடம் உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமாக.