முள் ஆடக் கூடாது

எங்கள் பக்கம் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில்தான். பாலாற்றில் தண்ணீர் வருவது எப்போதோ ஒரு ஐப்பசி, கார்த்திகையில். மற்ற நாளெல்லாம் மணல். காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டி மாமா கிணற்றில் தள்ளிவிட, மூக்கில் நீர் ஏறி, படிக்கல்லைப் பிடித்துக் கரையேறிய பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. இப்படிப்பட்டவன் நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூபா பழகி, மாலத்தீவில் ஏழு நாள் படகிலேயே தங்கிக் கடலுக்குள் முங்கி எழப் போனது, தெளிந்த தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில்தான்.

பெங்களூருவில் விமானம் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மாலே. 1,190க்கு மேற்பட்ட பவளத் தீவுகள் 26 வளையங்களாகக் கடலில் கிடக்கின்றன. ‘அட்டோல்’ என்று உலகம் முழுக்கச் சொல்லும் சொல்லே அந்த ஊர் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். ரிசார்ட்டில் தங்கினால் அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலோடு சரி. படகில் தங்கினால் ஒரு டைவ் முடிந்து சாப்பிட்டு எழுவதற்குள் அடுத்த இடம் வந்துவிடும். ராத்திரி வளையத்துக்குள் அலையில்லாத நீரில் நங்கூரம். எங்கள் பெரிய படகின் பின்னாலேயே கம்ப்ரசரும் சிலிண்டர்களும் ஏற்றிய சின்னப் படகு ஒன்று வந்தது. அதற்கு அங்கேயும் பெயர் தோணிதான். காலைச் சாப்பாடு சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்த ‘மஸ் ஹுனி’, தொட்டுக்கொள்ள ரொட்டி. நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று விற்பதும் அந்தத் தீவுகளின் பக்குவம்தான். அதனால் நாக்குக்கு அந்நியமாகவே இல்லை.

விடியும்போதே மணி அடித்துவிடுவார்கள். வெள்ளைப் பலகையில் வழிகாட்டி படம் போடுவார். இது திலா, உச்சி வெளியே தெரியாமல் நீருக்குள் நிற்கும் பவளக் குன்று. இது கந்து, வெளிக்கடல் நீர் உள்ளே புகும் கால்வாய். நீரோட்டம் உள்நோக்கி வரும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், சுறாக்களும் கால்வாய் வாயில் வந்து எதிர்நீச்சலில் நிற்கும். சுறா பிடிக்க 2010இல் அங்கே தடை வந்தது. அந்தத் தடையின் பலனைக் கண்ணாலேயே பார்த்தேன். வாவு அட்டோலில் அலிமதா தீவுப் பக்கம் ஓர் இரவு இறங்கினோம். டார்ச் வெளிச்சத்தில் ஆள் நீளத்துக்கு மேல் இருந்த நர்ஸ் சுறாக்கள், வீட்டுப் பூனைபோல் காலை உரசிக்கொண்டு போயின. 1998லும் 2016லும் கடல் சூடேறி வெளுத்துச் செத்த பவளமும் அங்கே இருக்கிறது, உடைந்த எலும்புக் குவியலாக. அதன் நடுவே கைவிரல் அளவில் புதுப் பவளம் கிளைத்திருப்பதைக் கண்டபோது முகமூடிக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது.

கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு; சிலிண்டர் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். பொழுதுபோக்குக்கு முங்குபவர்கள் அதற்குக் கீழே போக மாலத்தீவில் அனுமதி இல்லை. மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். கடைசி டைவுக்குப் பின் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இவ்வளவு கெடுபிடியும் எதற்கு என்பது மூன்றாம் நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது.

தோணியின் ஓரத்தில் உட்கார்ந்து, ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்தேன். சுகமாகக் காற்று வந்தது. என் ஜோடியாக வந்த வழிகாட்டி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் சிலிண்டரின் அழுத்த மீட்டரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 200 பாரில் நின்ற முள், நான் மூச்சிழுக்கும்போதெல்லாம் விசுக்கென்று இறங்கியது, விட்டதும் ஏறியது. அவர் என் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு வால்வைத் திருகினார். அது கால் சுற்று மட்டுமே திறந்திருந்தது. மேலே உட்கார்ந்திருக்கும்வரை அந்தக் கால் சுற்று போதும். 25 மீட்டரில் நெஞ்சு இழுத்தாலும் காற்று வராது. மறுபடி மூச்சிழுக்கச் சொன்னார். முள் அசையாமல் நின்றது. முள் ஆடினால் குதிக்கக் கூடாது என்பதற்கு ஒற்றை விரலை ஆட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அந்த வாரம் பதினாறு டைவ். பதினாறு தடவையும் இதே சோதனை.

அன்று ராத்திரி மேல்தளத்தில் படுத்திருந்தபோது நினைப்பு ஊருக்குப் போய்விட்டது. தோல் பதனிடும் எங்கள் ஊர் டேனரிகளின் கழிவுநீர்த் தொட்டிக்கு.

தோலில் முடி போக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலக் கழிவுநீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனம், தொட்டி அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும் அந்த நேரம்தான் எமன் காத்திருக்கும் நேரம். முதலில் இறங்கியவர் சாய்வார். தூக்கப் போனவர் சாய்வார். அவரைத் தூக்கப் போனவரும் சாய்வார். எங்கள் பக்கத்துச் செய்தித்தாளில் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கழிவுச் சகதியில் மூழ்கிப்போனார்கள். டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996லும் 2025 ஜனவரியிலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொட்டிக்குள் இறங்குபவனின் மூச்சுக்கோ அதற்கும் வெகு முன்பே சட்டம் வந்துவிட்டது.

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது இது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரும் இறங்குவதற்கு முன், தகுதியுள்ள ஒருவர் வாயுவைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கயிறு தமிழனுக்குப் புதிதா? தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு முங்கியவனின் கயிற்றைத் தோணியில் இருந்தவன் பிடித்திருப்பான். அதை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்?

ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். முப்பது வருடம் டேனரித் தொட்டி கழுவியவர்.

“நைனா, மூடியத் தொறந்தா எவ்ளோ நேரம் கழிச்சு எறங்குவீங்க?”

“ஒரு பீடி நேரம் உடுவோம் கண்ணு. கெணத்துல தூர் எடுக்கும்போது வெளக்கு எறக்கிப் பாப்பாங்களே, அதுமாதிரியும் சில பேரு பாப்பாங்க. வெளக்கு எரிஞ்சா எறங்கலாம்.”

விளக்கு பிராணவாயு இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். வாயு மிகுந்துவிட்டால் நெருப்பே பற்றும். பீடிக்கும் அதே கதிதான். உள்ளங்கை அளவு வாயு மீட்டர் இப்போது கிடைக்கிறது, கயிற்றில் கட்டி இறக்கினால் அபாயம் என்றதும் கத்தும் என்று சொன்னேன். படகில் நடந்ததையும் சொன்னேன். பெரியவர் மற்றதெல்லாம் கேட்டார், சுறாவைப் பற்றிக்கூட. ஆனால் அந்த இடத்துக்கே திரும்பி வந்தார்.

“அந்த ஆளு ஒன் மூஞ்சியப் பாக்கல, முள்ளத்தான் பாத்தான்?”

“ஆமா நைனா.”

“தினமுமா?”

“ஒவ்வொரு வாட்டியும்.”

அணைந்த பீடியைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்களுக்கு ஏது கண்ணு முள்ளு?”