போலிஷ் பேசிப் பழக நேரம் யார் தருவது?

போலந்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த வெளிநாட்டவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி கேட்டால், போலிஷ் மொழியில் பி1 நிலைத் தேர்ச்சிக்குச் சான்று காட்ட வேண்டும். குடியுரிமை அங்கீகாரம் கோருவோருக்கும் இதே நிபந்தனை உண்டு. கடை, மருத்துவமனை, வேலையிடம், பயணம் என அன்றாடக் காரியங்களைத் தானே பேசி முடித்துக்கொள்ளும் திறன்தான் பி1. நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால், அந்தப் பேச்சைப் பழகும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை.

போலிஷ் கடினம் என்பவர்கள் முதலில் சொல்வது அதன் ஏழு வேற்றுமைகளைத்தான். தமிழருக்கு வேற்றுமை புதிதல்ல. விளி வேற்றுமைகூட போலிஷிலும் இருக்கிறது. ஆனால், தமிழில் ‘ஐ’, ‘கு’ என ஒரே உருபு எல்லாப் பெயர்களோடும் சேரும். போலிஷில் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருபு மாறும். அதற்கு முன் வரும் பெயரடையும் கூடவே மாறும். போலந்து நாணயமான ஸ்வோத்தியை எண்ணும்போதே இது தொடங்கிவிடுகிறது. ஒன்று என்றால் ஸ்வோத்தி, இரண்டு முதல் நான்கு வரை ஸ்வோத்தே, ஐந்திலிருந்து ஸ்வோத்திஹ், இருபத்திரண்டு வந்தால் மறுபடியும் ஸ்வோத்தே. வினையிலும் கவனம் வேண்டும். ‘ரொபீவெம்’ என்றால் செய்துகொண்டிருந்தேன்; முன்னால் ஓர் ஒலி சேர்த்து ‘ஸ்ரொபீவெம்’ என்றால் செய்து முடித்துவிட்டேன். கிடங்கில் மேற்பார்வையாளர் கேட்கும்போது இரண்டும் ஒன்றல்ல.

அறிமுகமில்லாதவரிடம் ‘நீ’ என்று பேசக் கூடாது. ஆணை ‘பான்’ என்றும் பெண்ணை ‘பானி’ என்றும் சொல்லி, வினையைப் படர்க்கையில் வைப்பார்கள். ‘ஐயாவுக்குப் பை வேண்டுமா?’ என்பதுபோல்தான் காசாளர் கேட்பார்.

இவ்வளவையும் வகுப்புக்கே போகாமல் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1990களில் வார்சாவின் பழைய பத்தாம் ஆண்டு விளையாட்டரங்கம் மாபெரும் திறந்தவெளிச் சந்தையாக இருந்தது. அங்கே கடை போட்ட வியட்நாமியர்கள் விலை சொல்லியும் பேரம் பேசியும் போலிஷ் பழகினார்கள். இலக்கணம் பிசகியிருக்கலாம், ஆனால் எதிரே நின்றவருக்கும் சரக்கு வேண்டியிருந்ததால், பொறுத்துக் கேட்டார். மொழி கற்க இதைவிடச் சிறந்த சூழல் அமைவது அரிது என்றே நினைக்கிறேன். பின்னர் அந்த இடத்தில் புதிய தேசிய விளையாட்டரங்கம் எழுந்து, 2012இல் திறக்கப்பட்டது.

இன்று கிராக்கூவிலும் விரோத்ஸ்வாஃபிலும் பன்னாட்டு நிறுவன அலுவலகங்களில் வேலை பார்ப்பவருக்கு ஆங்கிலமே போதுமானதாக இருக்கிறது. அவர் தட்டுத்தடுமாறி போலிஷில் தொடங்கினாலும், எதிரில் இருக்கும் இளைஞர் உதவும் எண்ணத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். பழகுவதற்குக் கிடைத்த வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. கிடங்கிலும் தொழிற்சாலையிலும் இருப்பவரின் சிரமம் வேறு. அவருக்குப் போலிஷ் கட்டாயம் தேவை. ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு மாலை வகுப்பில் உட்கார உடம்பு இடம்கொடுக்காது. தொண்டு நிறுவனங்கள் இலவச வகுப்புகள் நடத்துகின்றன. வகுப்பு இலவசம் என்பதால் ஓய்வு நேரம் கிடைத்துவிடாது.

2022இல் ரஷ்யா படையெடுத்த பிறகு வந்த உக்ரைனியர்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் போலந்தின் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். உக்ரைனிய மொழியும் போலிஷும் ஸ்லாவிய மொழிகள் என்பதால் கேட்டுப் புரிந்துகொள்வது அவர்களுக்கு விரைவில் வந்துவிடும். பேச்சும் எழுத்தும் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்த பெண்கள் பலர், போலிஷ் போதாத காரணத்தால் துப்புரவு வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் போனார்கள். படித்த படிப்பு பயன்படாமல் கிடப்பது அவர்களுக்கு மட்டுமல்ல, போலந்துக்கும் இழப்பு.

பிள்ளைகளோ சீக்கிரம் கற்றுவிடுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் உக்ரைன் அகதிக் குழந்தைகள் போலந்துப் பள்ளிகளில் சேர்வது கட்டாயமாகியிருக்கிறது. அதனால் மருத்துவரிடம் அம்மாவின் நோயை மகளே விளக்கும் நிலை வருகிறது. பத்து வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய பொறுப்பல்ல அது. மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், வாரத்துக்குச் சில மணி நேர மொழி வகுப்பை முதலாளிகள் நடத்த வேண்டும். பி1 சான்று கேட்கும் அரசு இவ்விரண்டையும் சட்டமாகவே கொண்டுவரலாம்.