நீரிழிவும் விழித்திரையும்: பார்வை மங்கும் முன்பே விழித்துக்கொள்வோம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இந்நோய் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் என்பதைப் பலரும் அறிவர். அது விழித்திரையையும் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதை அறிந்தவர்களும், ‘எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுண்டு. பிழை நேர்வது இங்கேதான். இந்நோய் வலியையோ மங்கலையோ காட்டாமலே பல ஆண்டுகள் வளரக்கூடியது.

நோய் உண்டாவது எவ்வாறு?

கண்ணின் பின்சுவரில் படிந்துள்ள மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. கண்ணுக்குள் நுழையும் ஒளியை நரம்புக் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அதன் பணி. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், விழித்திரைக்கு உயிர்வளி கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் நலிவடைகிறது. நலிந்த இடங்கள் சிறு குமிழ்களாகப் புடைத்து, இரத்தமும் நீரும் கொழுப்பும் கசியத் தொடங்குகின்றன. கூர்ந்த பார்வைக்கு ஆதாரமான ‘மாகுலா’ என்னும் மையப் பகுதியில் நீர் கோத்தால், எழுத்துகள் மங்கும். நேர்கோடுகள் வளைந்து தோன்றும்.

அடுத்த கட்டத்தில் சில குழாய்கள் அடைபடுகின்றன. உயிர்வளி கிட்டாத விழித்திரை, புதிய குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இவ்வாறு முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டுகின்றன. கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ திரை விழுந்தது போலவோ நோயாளி உணர்வது அப்போதுதான். குழாய்களை ஒட்டி வளரும் தழும்புத் திசு விழித்திரையைப் பிடித்திழுத்துப் பிரித்துவிடவும் கூடும்.

நீரிழிவு நீடித்த ஆண்டுகள் கூடக்கூட இடர் மிகுகிறது. உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு, சிறுநீரகப் பாதிப்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் நிலைமையை மோசமாக்கும்.

சிகிச்சை முறைகள்

கடும் ஒளியைக் கொண்டு விழித்திரை நோய்க்கு மருத்துவம் செய்யலாம் என்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தோரின் விழித்திரையில் ஏற்பட்ட தழும்பே அவருக்கு வழிகாட்டியது. அந்த வழியில் வளர்ந்ததே இன்றைய லேசர் சிகிச்சை. முற்றிய நிலையில் இருப்போருக்கு, கடும் பார்வையிழப்பு நேரும் வாய்ப்பை லேசர் பாதிக்கு மேல் குறைப்பதாக 1970களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு நிறுவியது.

மாகுலாவில் நீர் கோத்தோருக்கு, மேற்கூறிய புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்துகின்றனர். பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் ஆகியவை இவ்வகையின. கண்ணை மரத்துப்போகச் செய்தபின் போடப்படும் இவ்வூசியால் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படுகிறது. ஆயினும், ஒரே ஊசியுடன் பெரும்பாலும் முடிவதில்லை. தொடக்கத்தில் மாதந்தோறும் தேவைப்படலாம். இடையில் நிறுத்துவது ஆபத்து. இரத்தம் கலையாமல் தங்கினாலோ விழித்திரை பிரிந்தாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

சிகிச்சைகள் பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காக்கவே வல்லவை. அழிந்த விழித்திரை மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆகவே காலம்தான் இங்கே முதல் மருந்து.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடனே விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் முன்னரே பல ஆண்டுகள் மறைந்திருக்கலாம். முதல் வகையினர் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கலாம். பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது மருத்துவர் கூறும் இடைவெளியில். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனை அவசியம்.

மூக்குக் கண்ணாடிக்குப் ‘பவர்’ பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து உட்புறத்தைக் காண வேண்டும். சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால், வாகனம் ஓட்டாமல் துணையுடன் செல்வது நலம்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவைப் பலருக்கும் 7 விழுக்காட்டுக்குள் வைத்திருக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு புதிதாக விழித்திரை நோய் தோன்றும் இடரை 76 விழுக்காடு குறைத்தது.

செலவு குறித்தும் ஒரு சொல். கண்ணுக்குள் செலுத்தும் ஊசியை, காப்பீட்டிலிருந்து விலக்கலாகாத நவீனச் சிகிச்சைகளுள் ஒன்றாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் குறிப்பிட்டது. எனினும் உச்சவரம்பும் காத்திருப்புக் காலமும் பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆவணத்தை இப்போதே படித்து அறிந்துகொள்வது நன்று. வீட்டில் நீரிழிவு உள்ளவர் கடைசியாக விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது என்று இன்றே கேளுங்கள். ஓராண்டு கடந்திருந்தால், இந்த வாரமே கண் மருத்துவரிடம் நேரம் பெறுங்கள்.