வணிகமும் தனியுரிமையும்

காரைக்கால் நகரை அடுத்திருப்பது தருமபுரம். யாழ்முரிநாதர் கோயிலால் பெயர் பெற்ற பழம்பதி அது. இவ்வூரார் துணியும் மருந்தும் வாங்கக் காரைக்கால் கடைத்தெருவிற்குச் செல்வர். முன்னாளில் வணிகர் தம் வாடிக்கையாளரைப் பற்றி எழுதி வைத்தவை மிகச் சிலவே. பெயர், ஊர், பற்று, வரவு ஆகியன ஒரு பேரேட்டில் அடங்கின. அப்பேரேடும் கடையை விட்டு வெளியே சென்றதில்லை.

இந்நாளில் நிலைமை வேறு. விலைச்சீட்டு எழுதுமுன் கைப்பேசி எண்ணை வினவும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வெண்ணோடு, வாங்கிய பொருள்களின் பட்டியலும் கணிப்பொறியில் பதிவாகிறது. மருந்துப் பட்டியலைக் கொண்டு ஒருவருடைய நோயை உய்த்துணரலாம். இவ்விவரங்கள் பிறர் கைக்கு மாறின், வேண்டாத விளம்பரங்கள் வந்து குவியும். வஞ்சகர் அவற்றைக் கொண்டு வங்கி அலுவலர் போலப் பேசிப் பணத்தைக் கவர்தலும் உண்டு. ஆகவே, இது சிறு செய்தி அன்று.

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கைப்பேசி எண்ணைத் தர மறுப்பவர்க்குப் பொருள் விற்க மறுத்தல் முறையன்று என 2023 மே திங்களில் மைய அரசின் நுகர்வோர் நலத்துறை வணிகர்க்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகருக்குரிய கடமைகளுள் பெரும்பாலானவை அதன்பின் 18 திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமென வகுக்கப்பட்டது.

இச்சட்டம் வணிக முறையை எவ்வாறு மாற்றுகிறது? விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதை வணிகர் எளிய மொழியில் முன்னரே அறிவித்தல் வேண்டும். வாடிக்கையாளர் விரும்பினால் அவ்வறிவிப்பைத் தமிழிலேயே பெறலாம். நோக்கத்திற்கு வேண்டிய அளவுக்கே இசைவு செல்லும். மருத்துவ அறிவுரை வழங்கும் செயலி ஒன்று நோயாளியின் கைப்பேசியிலுள்ள நண்பர்களின் எண்களைக் கேட்குமாயின், அது தேவையற்றது. நோயாளி இசைந்தாலும் அவ்விசைவு செல்லாது. தந்த இசைவைத் தந்த எளிமையோடே திரும்பப் பெறலாம். பதினெட்டு வயது நிரம்பாதோர் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். விவரங்கள் கசிந்தால், பாதுகாப்பு வாரியத்திற்கும் உரியவர்க்கும் தெரிவித்தல் கடமை. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால், 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

இதனால் வணிகர்க்குச் செலவும் உழைப்பும் மிகும் என்பது உண்மையே. எனினும், வேண்டாத விவரங்களைச் சேர்க்காதவர்க்குக் காக்க வேண்டிய சுமையும் குறையும். சட்டத்திற்கு எல்லையும் உண்டு. காகிதத்தில் மட்டும் எழுதப்படும் கணக்கிற்கு இது பொருந்தாது; அரசு தன் அமைப்புகள் சிலவற்றிற்கு விலக்களிக்கவும் இடமுண்டு.

மாணவர்களே! சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், உரியவர் கேளாவிடில் அதனால் பயன் விளையாது. யாரேனும் உங்கள் விவரத்தைக் கேட்டால், "இது எதற்கு வேண்டும்?" என்று பணிவுடன் வினவுங்கள். நேர்மையான வணிகர் அவ்வினாவிற்கு விடை கூறத் தயங்கார்.