நகர் கண்டவரும் நிலத்துக்கு உரியவரும்

கோடை விடுமுறையில் திருப்பூர்க் குடும்பங்கள் பல உதகைக்குச் சென்று வருகின்றன. ஏரியில் படகேறி மகிழும் நாம், அந்நகரை அமைத்தவரை நினைப்பது அரிது.

அவர் ஜான் சல்லிவன். 1788-இல் இலண்டனில் பிறந்தவர். 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். நீலகிரியும் நம் திருப்பூரும் அன்று அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. 1819-இல் மலையேறிய அவர், முதலில் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்குமனை எழுப்பினார். பின்னர் உதகையில், மக்கள் ‘கல் பங்களா’ என்றழைத்த இல்லத்தைக் கட்டினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. ஏரியை வெட்டுவித்தவரும், உருளைக்கிழங்கு முதலிய மேனாட்டுப் பயிர்களை அம்மலையில் பரப்பியவரும் அவரே.

அவர் பெரும் நிலக்கிழாராகவும் விளங்கினார். தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பர். எருமை மேய்த்து வாழ்ந்த அந்த எளிய மக்கள், மாவட்டத்தையே ஆளும் கலெக்டர் கேட்கையில் மறுத்திருக்கக் கூடுமோ? ஆகாபு மன்னன் விரும்பிய நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நம் நினைவுக்கு வருகிறது.

ஆயினும் சல்லிவன் ஆகாபு அல்லர். தோடர்க்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டெனக் கும்பினி மேலிடத்தார் பலர் வாதிட்டபோது, நிலத்தின் உரிமையாளர் தோடரே என்று அவர் எடுத்துரைத்தார். அவ்வாதம் வெற்றி பெறவில்லை. 1838-இல் மனைவியையும் மகளையும் உதகை மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு, 1841-இல் தாயகம் திரும்பி, 1855-இல் மறைந்தார்.

நகரை உருவாக்கியவரைப் போற்றுவோம். அந்நகருக்காக நிலத்தை இழந்தவரை மறவாதிருப்போம். இப்படிப்பினை நமக்கும் உரியது. நம் பின்னலாடைத் தொழில் ஓங்கிய காலத்தில், சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையைச் சூழ்ந்த உழவர்களின் வயல்களைப் பாழாக்கியது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிடும் வரை அவர்தம் குரல் நம்மில் எத்தனை பேர் செவிகளில் விழுந்தது?

நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் விருந்தினரே. அடுத்தமுறை உதகை ஏரிக்கரையில் நிற்கும்போது, பெற்றோரே, சல்லிவனின் பெயரோடு தோடரின் பெயரையும் நும் மக்களுக்குச் சொல்லுங்கள்.